நாலு பங்குக் கல்யாணம்

அன்புள்ள ருக்குவுக்கு,

நீ பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். உன் அம்மா ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போயிருக்கிறாள். வர மத்தியானம் ஆகும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பானைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, பெண்ணுக்கு அப்பா கடிதம் எழுதுவது விநோதம்தான். நேரில் சொல்லக்கூடாதா என்பாய். நேரில் சொல்வதற்கு எனக்கு எட்டு வருஷம் இருந்தது. தினமும் காலையில் நீ காப்பி கொண்டுவந்து வைத்தபோதெல்லாம் சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் சர்க்கார் கச்சேரியில் பைல் எழுதியே பழகிப்போனவன், எனக்கு வாயைவிடக் கைதான் கொஞ்சம் யோக்கியமாக நடந்துகொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

இன்னும் பதினொரு நாளில் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நாகர்கோவில் வக்கீல். போன வருஷம் சம்சாரத்தைப் பறிகொடுத்தவர். ஒன்பது வயதில் பெண்ணும் ஆறு வயதில் பையனுமாக இரண்டு குழந்தைகள். வரதட்சிணை வேண்டாம், சீர் வேண்டாம், கோயிலில் வைத்துத் தாலி கட்டி அன்று சாயங்காலமே அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன், பெண் வேலையை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நீ பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல், சரி என்றாய். தெருவில் எல்லாரும் என்னைப் பாக்கியசாலி என்கிறார்கள். "ஒரு காசு செலவில்லாம பெண்ணைக் கரையேத்திட்டேரே ஓய்" என்று குளத்தங்கரையில் ஒருவர் என் முதுகில் தட்டினார். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன். நம் ஸ்ரீவராகத்தில் பாதி வீடுகளில் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு கிடக்கிற இந்தச் சண்டைக் காலத்தில் கல்யாணச் செலவு தப்பியதே என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. இருபத்தெட்டு வயதுப் பெண்ணை இரண்டாந்தாரமாகக் கொடுத்துவிட்டு நிம்மதிப்பட்ட அப்பன் நான். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் போன வெள்ளிக்கிழமை நீ வந்து உன் தபாலாபீஸ் சேமிப்புப் புஸ்தகத்தை என் முன்னால் வைத்தாய். "கோயில் செலவு, சாப்பாடு, புடவை எல்லாத்துக்கும் இது மதி அப்பா, போரும். நீங்க யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்" என்றாய். உன் பணம் எனக்கு எதற்கு என்று நான் வழக்கம்போல விறைத்துக்கொண்டேன். அதற்கு நீ சொன்னாய்: "எட்டு வருஷம் முன்னாடி என்னைப் பாக்க வந்த ஒருத்தர்கிட்ட இதேதான் சொன்னேன். கெணத்தடியில நின்னுண்டு, எங்கப்பா கடன் வாங்கப்படாது, என் சம்பளத்துலேர்ந்து என் பங்கை நான் போடறேன்னு சொன்னேன். அவரும் செரி, நாலு பங்காப் போட்டுக்கலாம்னு தலையாட்டினார். ஆத்துக்குப் போய் ஐயாயிரம் கேட்டு அனுப்பினார். இந்த வக்கீல் ஒண்ணும் கேக்கலை அப்பா. எனக்கு அது போரும்." சொல்லிவிட்டு நீ அடுப்பங்கரைக்குப் போய்விட்டாய். நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவதுபோலப் போனேன். அன்று நான் குளத்தில் இறங்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ருக்கு, விசுவநாதன் ஐயாயிரம் கேட்கவில்லை. ஐந்து காசுகூடக் கேட்கவில்லை. ஐயாயிரம் என்பது நான் சொன்ன பொய். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் இந்தப் பொய் எப்படி வந்தது என்கிற கதை.

விசுவநாதன் வீட்டார் கரமனையிலிருந்து வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போன நாலாம் நாள், கச்சேரி விலாசத்துக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. விசுவநாதன் எழுதியிருந்தான். மணியான கையெழுத்து. கல்யாணத்தை ஒரே நாளில் முடித்துவிடலாம், வரதட்சிணை என்ற பேச்சே வேண்டாம், ஆகிற செலவை நாலு பங்காகப் போட்டு நீங்கள் ஒரு பங்கு, என் அப்பா ஒரு பங்கு, நான் ஒரு பங்கு, உங்கள் பெண் ஒரு பங்கு என்று ஏற்றுக்கொள்ளலாம், நாங்கள் இருவரும் சம்பாதிக்கிறோம், எங்கள் கல்யாணத்துக்காக இரண்டு வீட்டிலும் பெரியவர்கள் கடனாளி ஆவதில் எனக்கு இஷ்டமில்லை, என் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு என்று எழுதியிருந்தான். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டியிருப்பேன், அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. பெண் சம்பாத்தியத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறவன் என்று என்னை நினைத்துவிட்டானே என்று. உன் சம்பளத்தை மாதா மாதம் வாங்கி நான்தான் அரிசிக்கும் பாலுக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு அவமானமாகத் தோன்றவில்லை. பந்தலுக்குப் போட்டால்தான் அவமானமாம். என் மூளை அந்த விதத்தில் வேலை செய்தது.

கோபம் ஆறினபோது சந்தேகம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் குறைத்துக் கேட்டாலே பெண்ணைப் பெற்றவன் கொஞ்சம் யோசிப்பான். பையன் தானாகக் கையிலிருந்து தருகிறேன் என்றால்? பையனிடம் ஏதோ குறை இருக்கிறது, அதை மூடத்தான் இந்தத் தர்மப் பேச்சு என்று தீர்மானம் செய்துவிட்டேன். உன் அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். அவள் இரண்டு தரம் படித்தாள். "நல்ல பையனாக்கும். சம்சயம் இருந்தா அவன்கிட்டயே கூப்பிட்டுக் கேளுங்களேன்" என்றாள். "பொம்மனாட்டி யோசனை" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். பிறகு அந்தக் கடிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

ஏன் அந்த ஒரு கேள்வியை அவனிடம் கேட்கவில்லை என்று நீ கேட்பாய். அதற்கு என் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். உன் அம்மா வீடு பூதப்பாண்டி. அவள் அப்பா கோயிலில் கணக்கு எழுதி வந்தார். ஒரே ஒரு வயல் உண்டு. கல்யாணம் நாலு நாள். மூன்றாம் நாள் ஊஞ்சலுக்குக் கூப்பிட வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை என்றால் ஒரு நாளாவது முறுக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று என் பக்கத்து மாமாக்கள் எனக்குப் பாடம் சொல்லியிருந்தார்கள். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கச்சேரிக்குப் போக சைக்கிள் வேண்டும் என்றேன். எனக்கு அப்போது சைக்கிள் விடக்கூடத் தெரியாது. உன் அம்மாவின் அப்பா என் முன்னால் கைகட்டிக்கொண்டு நின்று, "ஆகட்டும் மாப்பிள்ளே, ஊஞ்சலுக்கு எழுந்திருங்கோ" என்றார். அந்த வயலை ஒத்திக்கு வைத்துச் சைக்கிள் வாங்கினார். அதை அவர் மீட்கவே இல்லை. முப்பது வருஷத்தில் உன் அம்மா அதைப் பற்றி ஒரே தடவை பேசினாள். உன் தாத்தா இறந்து பதிமூன்றாம் நாள், பூதப்பாண்டியிலிருந்து திரும்பி வருகிற வண்டியில், "அந்த வயல் இருந்திருந்தா அப்பா கடைசியில ரெண்டு வேளை சாப்பிட்டிருப்பா" என்றாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளை என்கிற ஜாதி எப்படிப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே அதில் ஒருத்தன். என்னை வைத்துத்தான் விசுவநாதனை அளந்தேன். என்னைவிட யோக்கியமான ஒருத்தன் என் வாசலுக்கு வருவான் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அவனிடம் கேட்காமல் யாரிடம் கேட்டேன் தெரியுமா? தேகண்டக்காரர் கிட்டுவிடம். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் எந்தக் கல்யாணமானாலும் சமையல் அவருடையது. எல்லா வீட்டு அடுப்பங்கரையும் அவருக்குத் திறந்த கதவு. ரகசியமாக விசாரிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கடைவீதியில் வைத்து அவரைத் தனியாக அழைத்தேன். "ஓய், கரமனைப் பையனைப் பத்தி ஒண்ணு விசாரிக்கணும். வெளியில தெரியப்படாது" என்றேன். "நான் யார்கிட்டச் சொல்லப்போறேன், சொல்லும்" என்றார். "தேகத்துல ஏதாவது உண்டோன்னு ஒரு சம்சயம். வலிப்பு கிலிப்பு மாதிரி. செலவுல பங்கு தரேன்னு தானா வந்து சொல்றான் கேட்டேரா." அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "தானா தரேன்னா சம்சயப்பட வேண்டியதாக்கும். நாலு எடத்துல கேட்டுச் சொல்றேன், பேடிக்காதேயும், ஒரு பயமும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வலிப்பு என்ற வார்த்தையை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் வாயிலிருந்து நானாக எடுத்துப் போட்டேன். எந்தக் குறை என்று ஒரு பெயர் வேண்டியிருந்தது, அந்தப் பெயர் வந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கச்சேரியில் ஒரு சிநேகிதர் என் மேஜைக்கு வந்து குனிந்து, "அந்தக் கரமனைப் பையனுக்கு வலிப்பு உண்டாமே. உமக்குத் தெரியுமோ? நல்லவேளை, தாம்பூலம் மாத்தலை" என்றார். கிட்டு நாலு அடுப்பங்கரையில் கேட்டிருக்கிறார். கேட்ட இடத்தில் எல்லாம் கேள்வி பேச்சாக மாறி, பேச்சு ஊரைச் சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து சேர்ந்தது. எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். பிறர் எழுதின பைலில் எல்லாம் இதற்கு ஆதாரம் எங்கே என்று ஓரத்தில் எழுதுகிறவன் நான். ஆனால் அன்று, பார்த்தாயா, நான் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். மறுநாளே அவன் அப்பாவுக்கு ஜாதகம் பொருந்தவில்லை என்று கார்டு போட்டேன்.

உன்னிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. வலிப்பு என்றால் நீ விடமாட்டாய். யார் சொன்னார்கள், அவரிடம் கேட்டீர்களா என்பாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். ஜாதகம் என்றால் பார்க்க வருவதற்கு முன்னாலேயே பார்த்தாயிற்றே என்பாய். நீ மறு கேள்வி கேட்காமல் ஒதுக்கிவிடக்கூடிய காரணம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. ஐயாயிரம் கேட்கிறார்கள், வீட்டை விற்றால்தான் முடியும், நான் முடியாது என்று சொல்லிவிட்டேன் என்றேன். நீ கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாய். "நல்லதாச்சு அப்பா. நீங்க செஞ்சதுதான் செரி" என்றாய். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று போன வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. எனக்காகப் பேசி, ஒருவன் ஒப்புக்கொண்டான் என்று நம்பி, இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்த பெண்ணின் முகம் அது. அதன்பின் வந்த ஒவ்வொரு வரனையும் நீ வேண்டாம் என்றாய். "எல்லாரும் ஒண்ணுதான் அப்பா, சிரிச்சுப் பேசிட்டு ஆத்துக்குப் போய் லிஸ்ட் போடுவா" என்றாய். படித்த பெண்ணின் திமிர் என்று நான் உன்னைத் திட்டியிருக்கிறேன். அந்தத் திமிரைத் தயார் செய்து கொடுத்தவனே திட்டினான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுதான் எழுதக் கை வராமல் இருப்பது. நான் கார்டு போட்டு ஒரு மாசம் இருக்கும், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். விசுவநாதனின் அப்பா வந்தார். வெயிலில் கரமனையிலிருந்து நடந்தே வந்திருந்தார். மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "இதைப் படிச்சுப் பாருங்கோ. சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்து. என் பிள்ளைக்கு ஒரு நோக்காடும் கிடையாது" என்றார். அவருடைய மூத்த பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் இந்தப் பேச்சினால் நின்றுவிட்டது. அண்ணனுக்கு இருந்தால் தங்கைகளுக்கும் வரும் என்று சொல்லிவிட்டார்களாம். "பேச்சு உங்காத்துலேர்ந்து கிளம்பித்துன்னு சிலர் சொல்றா. நான் நம்பலை. இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா மதி" என்றார். நான் அந்தக் காகிதத்தை முழுக்கப் படித்தேன். அதைப் படித்த நிமிஷத்தில் எல்லாம் எனக்குத் தெளிவாகிவிட்டது. ஆமாம், நான்தான் என்று சொல்லியிருந்தால், அவரோடு நானும் தெருவில் இறங்கி, தப்பு என்னுடையது என்று நாலு வீட்டில் சொல்லியிருந்தால், அவர் பெண் கல்யாணம் நடந்திருக்கும், உன் கல்யாணமும் நடந்திருக்கும். ஊர் நாலு நாள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும், அவ்வளவுதான். நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "நான் ஒண்ணும் கேக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஜாதகம் சேரலை" என்றேன். அவர் எனக்கு நமஸ்காரம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த வீட்டு வாசலில் நின்று அந்தக் காகிதத்தைக் காட்டினார். அதற்கடுத்த வீட்டிலும் காட்டினார். இரண்டு வரிசையிலும் ஒரு வீடு பாக்கி விடவில்லை. எல்லாரும் மரியாதையாக வாங்கிப் படித்தார்கள். அவர் தெருமுனை தாண்டியதும், "குறை இல்லைன்னா சர்ட்டிபிகட் என்னத்துக்கு?" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அப்புறம் உன் காதிலும் விழுந்தது. "பணம் கேட்டவான்னாலும் இப்படிப் பேசறது அநியாயம் அப்பா" என்று நீ என்னிடம் சொன்னாய். நான் அந்த இடத்திலாவது வாய் திறந்திருக்க வேண்டும். இனி நான் நினைத்தாலும் அந்தப் பையனுக்கு உன்னைக் கொடுக்க முடியாது, ஊர் முழுக்க அவனை நோயாளி என்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊர் என்பது நான்தான் என்பதை மறந்துவிட்டேன்.

நீ சேமிப்புப் புஸ்தகத்தை வைத்த மறுநாள், சனிக்கிழமை, கரமனைக்குப் போனேன். போகும்போது மனசில் என்ன ஆசை இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. விசுவநாதன் பம்பாயில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்னும் தனியாக இருக்கலாம், காலில் விழுந்தாவது கேட்கலாம் என்று நினைத்தேன். அவன் அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. யார் என்று கேட்டார், சொன்னேன். பாயைப் போட்டு உட்காரச் சொன்னார். பெண்கள் இருவருக்கும் கோயமுத்தூர்ப் பக்கம் கல்யாணம் செய்தாராம், பேச்சு எட்டாத தூரத்தில். மூத்தவளை இரண்டாந்தாரமாகத்தான் கொடுக்க முடிந்ததாம். விசுவநாதனைக் கேட்டேன். "போன வருஷம் பம்பாயிலேயே கல்யாணம் பண்ணிண்டான். அந்தப் பொண்ணும் வேலை பாக்கறா. நாலு பங்காப் போட்டுண்டா. பொண்ணோட அப்பாவுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. நான் மணியார்டர் பண்ணினேன். ஒரே நாள், நன்னா நடந்துதாம்" என்றார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், கிட்டுவிடம் கேட்டது முதல். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெரியும்" என்றார். "அன்னிக்கு அந்தக் காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படிச்சேள். ஒண்ணும் சொல்லாதவா அப்படிப் படிக்கமாட்டா." உள்ளே மோர் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதனால் இதைத் தெரிந்துகொண்டு உனக்கு ஆகப் போவது ஒன்றும் இல்லை. அவனுக்கு இனி நீ கிடையாது, உனக்கு இனி அவன் கிடையாது. சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று இந்த வரி எழுதும்போதுகூடத் தோன்றுகிறது. ஆனால் நீ இந்த வக்கீலுக்குச் சரி சொன்னதற்குக் காரணம், இவர் ஒன்றும் கேட்கவில்லை என்பது. ஆண்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று நீ நம்புகிறாய், அந்த நம்பிக்கை என் பொய்யின் மேல் நிற்கிறது. அதன் மேல் நின்றுகொண்டு நீ மாலை மாற்றிக்கொள்ளக் கூடாது. இன்னொன்றையும் பார். இவர் ஒன்றும் கேட்கவில்லை என்பதும் சரியில்லை. சம்பளம் வாங்குகிற ஒரு பெண்ணின் வேலையைக் கேட்கிறார். இரண்டு குழந்தைகளுக்கு ஒரு தாயையும் வீட்டுக்கு ஒரு சமையல்காரியையும் கேட்கிறார். ரூபாயில் கேட்காததால் நாம் அதைக் கேட்டதாகவே எண்ணவில்லை. வேண்டாம் என்றால் இன்றைக்கே சொல். நாகர்கோவிலுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். தெரு என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

போவது என்றே நீ முடிவு செய்தால், புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. செய்து கெட்டவன் சொல்வதாக வைத்துக்கொள். அவரிடம் எது கேட்க வேண்டுமானாலும் அவரிடமே கேள். அந்தக் குழந்தைகளைப் பற்றிக் குழந்தைகளிடமே கேள். வேலைக்காரியிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்காதே. முதல் சம்சாரம் எப்படிப்பட்டவள் என்று ஊரில் விசாரிக்காதே. சேமிப்புப் புஸ்தகத்தை உன் பெயரிலேயே வைத்துக்கொள். அந்த வீட்டுப் பெண் குழந்தைக்கு ஒரு நாள் வரன் வந்து, அவள் கிணற்றடியில் நின்று தன் வாயால் ஏதாவது பேசியிருந்தால், என்ன பேசினாய் என்று அவளிடம் கேட்டுவிட்டு மற்றதைச் செய்யும்படி அவள் அப்பாவிடம் சொல். உன் அம்மா வரும் சத்தம் கேட்கிறது. இதை உன் புஸ்தகப் பையின் மேல் வைக்கிறேன்.

வியாழக்கிழமை.

நீ படித்துவிட்டாய். நேற்றுச் சாயங்காலம் காப்பி ஆறிப்போகும் வரை அடுப்பங்கரையில் நின்றுகொண்டே படித்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். நீ காகிதங்களை மடித்து என்னிடமே கொடுத்து, "அந்தக் கரமனை மூத்த பொண்ணுக்குக் கொழந்தைகள் உண்டா?" என்று மட்டும் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவில்லை என்றேன். "கேட்டிருக்கலாம்" என்றாய். இந்தக் கல்யாணம் வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "அந்தக் கொழந்தைகள்கிட்ட வரேன்னு சொல்லிட்டேன் அப்பா. அவாளுக்கு நான் கடிதாசு எழுதியாச்சு" என்றாய்.

பிறகு இன்று காலையில், பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "தாலி கட்டறச்சே உங்க மடியில என்னால உக்காரமுடியாது. கல்லிடைக்குறிச்சியிலேர்ந்து சித்தப்பாவையும் சித்தியையும் வரச் சொல்லுங்கோ. அவா கன்னிகாதானம் பண்ணட்டும்." கோபமாகச் சொல்லவில்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத பண்டத்தை வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாய். நான் சரி என்றேன். நான் உட்காராவிட்டால் உன் அம்மாவும் மணையில் உட்கார முடியாது. அவள் ஒரு தப்பும் செய்யாதவள். செய்யாதே என்று சொன்னவள். உள்ளே உன் கூறைப் புடவைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டே இருந்தாள்.

நீ போன பிறகு கல்லிடைக்குறிச்சித் தம்பிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அப்பா உயிரோடு இருக்கும்போது நான் எதற்கு என்று கேட்பான், காரணம் எழுத வேண்டும். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் படித்துப் பார்த்தேன். அப்புறம் அதை அடித்துவிட்டு, ருக்கு நான் வேண்டாம் என்கிறாள் என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

அப்பா